காடு யாருக்காக?

விடுமுறை வந்ததும் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மாணவர்களை யாலவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். யானையையும் சிறுத்தையையும் கண்டு களிக்கிறோம். அக்காடு எவ்வாறு எஞ்சியது, எவருக்காக எஞ்சியது என்னும் வினாக்களையும் நாம் மாணவர்முன் வைத்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் காடுகள் வெள்ளைத் துரைமாரின் வேட்டைக்களங்களாயிருந்தன. மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவரே 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தினார் என்பர். விலங்கினம் அருகவே, வேட்டையாடியவர்களே விழித்துக்கொண்டனர். 1900ஆம் ஆண்டில் யாலவில் காப்பிடம் ஏற்பட்டது. அதனை அடுத்த பகுதி, இங்கு வாழ்ந்த வேட்டைப் பிரியருக்கென ஒதுக்கப்பட்டது. உயிர்களிடத்து அன்பு மட்டுமன்று, வேட்டை நீடிக்க வேண்டும் என்னும் விருப்பமும் அக்காப்புக்கு வித்தாயிற்று.

அமெரிக்காவில் 1872இலேயே யெலோஸ்ரோன் நிலம் மக்கள் அனைவருக்கும் பொதுவென ஒதுக்கப்பட்டது. ஆயினும், அங்கு காலங்காலமாக நடமாடிய பழங்குடியினர் அந்த ‘மக்கள்’ கணக்கிற் சேரவில்லை! இலங்கையில் 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் வழியே, 1938இல் யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாயின. 1954இல் தோன்றிய கல்லோயாப் பூங்காவோ சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து நிலத்தைக் காக்கிறது. காட்டைக் காத்தல் கழனியைக் காத்தலுமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும், காப்பின் பெயரால் எழும் வழக்குகளும் உள. 1990இல் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வில்பத்தின் வடபுறத்து மறிச்சுக்கட்டி முதலிய ஊர்களும் வெறிச்சோடின. போர் 2009இல் முடிந்து, மக்கள் மீள முனைந்த காலத்தில், ஊர்நிலங்களிற் பல காடடர்ந்திருந்தன. 2012இல் அப்பகுதியில் ஒதுக்குக்காடுகள் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாற்று ஒதுக்குக்காட்டிற் குடியேற்றத்துக்கென மரங்களை அழித்தமை சட்டவிரோதமெனத் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடப் பணித்தது.

சட்டமின்றிக் காட்டை அழித்தலை எவர் செய்யினும் நான் ஏற்கேன். ஆனால், அகதி முகாமிலிருந்தவனின் காணிக்கு அவனை வினவாமல் எல்லை வரைதலும் நீதியன்று. எல்லை வரையுமுன் உறுதியையும் உரிமையையும் ஆராய்ந்திருந்தால், காட்டுக்கும் குடிக்கும் இப்பகை மூண்டிராது.

யானையும் வரைபடத்தை மதிப்பதில்லை. அது உலவும் நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மனிதரும் வாழ்வதாக 2019இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். பூங்காவுக்கு வேலி கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் இக்கணக்கைச் சிந்தித்தல் நன்று.

நம் முன்னோர் முல்லை என்றபோது மரத்தையும் மானையும் மட்டுமன்றி, ஆயரையும் அவர்தம் வரகுக் கொல்லையையும் சேர்த்தே எண்ணினர். எல்லைப்புறத்து உழவனின் சம்மதமின்றி எந்தக் காடும் நெடுநாள் நிலைக்காது. அவனுடைய பயிருக்கும் உயிருக்கும் உறுதி அளிப்பதே காட்டுக்கு நாம் இடக்கூடிய வலிய வேலியாகும்.