கொண்டாடப்படும் விழாவும் மறக்கப்படும் மக்களும்

பெருநகரங்களுக்கு இக்காலத்தில் ஒரு புதுப்பெருமை வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனை நாட்டு மக்கள் எம்மிடம் வாழ்கின்றனர் பாரீர், எத்தனை நாட்டு விழாக்கள் எம் தெருக்களில் நடைபெறுகின்றன பாரீர் என்று அவை மார்தட்டிக் கொள்கின்றன. சுற்றுலாச் சுவரொட்டிகளில் இறகுக் கிரீடம் அணிந்த ஆடல் மகளிர் சிரிக்கின்றனர். இப்பெருமை முற்றிலும் பொய் என்று நாம் கூறவில்லை. ஆயினும் விழாவை விரும்புவது வேறு. அவ்விழாவைக் கொணர்ந்த மக்களை விரும்புவது வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக ஒரு நகரம் எண்ணிக் கொள்ளுமாயின் அது தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்வதாகும். இலண்டன் மாநகரின் நாட்டிங்ஹில் கார்னிவல் இதற்குத் தக்க சான்று.

தமிழ்த்துறை மலரில் இலண்டன் எதற்கு என்று சமுதாயப் பெரியவர்கள் வினவக்கூடும். கடல் கடந்து பொருளீட்டச் சென்றவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம்மிடையே எத்தனை? அயலூரில் குடியிருப்பவன் நிலை நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியில், ஞாயிறும் திங்களுமாக இரண்டு நாள், மேற்கு இலண்டன் தெருக்களில் கார்னிவல் நடைபெறுகிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடுவர். ஐரோப்பாவின் மாபெரும் தெருவிழாக்களுள் ஒன்று என்று அதனைப் போற்றுகின்றனர். அது எவ்வாறு பிறந்தது என்பதைப் போற்றுவோரில் பலர் அறியார்.

1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பலிலிருந்து ஜமைக்கா, டிரினிடாட் முதலிய மேற்கிந்தியத் தீவினர் டில்பரித் துறையில் இறங்கினர். அவர்கள் அந்நியர் அல்லர். பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். இரண்டாம் உலகப் போரில் அப்பேரரசின் படையில் பணியாற்றியவர்களும் அவர்களுள் இருந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் மருத்துவமனைகளுக்கும் பேருந்துகளுக்கும் இரயில்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். 1956இல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸ் தீவுக்கே சென்று ஆள் சேர்க்கத் தொடங்கியது. வேலைக்கு அழைத்த நகரம் வீடு கொடுக்க மறுத்தது. நாட்டிங்ஹில் பகுதியின் சிதைந்த வீடுகளில் ஓர் அறைக்குக் கொள்ளை வாடகை கொடுத்து அவர்கள் ஒண்டிக் கிடந்தனர். வங்கியில் கடன் கிடைப்பதும் அரிதாயிருந்தமையால், 'பார்ட்னர்' என்ற பெயரில், நம் ஊர்ச் சீட்டுப் போலவே, முறை வைத்துப் பணம் சேர்த்து ஒருவர் பின் ஒருவராக வீடு வாங்கினர்.

இன்று கார்னிவல் நடைபெறும் அதே ஆகஸ்ட் இறுதியில்தான், 1958ஆம் ஆண்டில், வெள்ளை இளைஞர் கூட்டங்கள் அப்பகுதியில் கறுப்பின மக்களின் வீடுகளைத் தாக்கின. பல இரவுகள் கலவரம் நீடித்தது. அதற்கு விடையாக எழுந்ததே கார்னிவல். எழுப்பியவர் கிளாடியா ஜோன்ஸ் என்னும் பெண்மணி. டிரினிடாடில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து, தம் பொதுவுடைமைக் கொள்கைக்காக அங்கே சிறைப்பட்டு, நாடு கடத்தப்பெற்று 1955இல் இலண்டன் வந்தவர். 1958இல் 'வெஸ்ட் இந்தியன் கெஜட்' என்ற இதழைத் தொடங்கியவர். 1959 ஜனவரி 30 அன்று செயிண்ட் பாங்க்ராஸ் நகரமன்ற அரங்கில் அவர் முதல் கார்னிவலை நடத்தினார். கடுங்குளிர்காலம் ஆதலின் கூரைக்குள் நடந்தது.

அவ்விழாவுக்கென வெளியிட்ட மலரில் ஓர் அறிவிப்பு இருந்தது. மலர் விற்ற தொகையில் ஒரு பகுதி, கலவரத்தில் சிக்கி அபராதம் விதிக்கப்பெற்ற கறுப்பு, வெள்ளை இளைஞர் இருசாராருக்கும் உதவச் செலவிடப்படும் என்பதே அது. தாக்கப்பட்ட சமுதாயம் எதிர்ச்சாராரின் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியது. விழா மலர் வெளியிடும் நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்க செய்தி இது. விளம்பரத்துக்கும் வாழ்த்துரைக்கும் அப்பால் ஒரு மலரால் என்ன செய்ய முடியும் என்பதை அது காட்டிற்று.

கார்னிவலின் தாயகமாகிய டிரினிடாடிலும் இந்த வரலாறு புதிதன்று. அடிமைத்தளை நீங்கிய ஆப்பிரிக்க மக்கள் தமதாக்கிக் கொண்ட அவ்விழாவைக் காலனி ஆட்சி ஐயத்துடனேயே நோக்கியது. 1881இல் போலீசாருக்கும் மக்களுக்கும் மோதல் மூண்டது. மூன்றாண்டு கழித்து, 1884 அக்டோபரில், கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் நடத்திய முஹர்ரம் ஊர்வலத்தின் மீது சான் பெர்னாண்டோ நகரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். ஹுஸைன் என்ற திருப்பெயரின் திரிபாக 'ஹோசே' என்று அவ்வூர்வலத்தை அங்கு வழங்குவர். இந்துக்களும் அதில் கலந்து கொண்டனர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி அத்தீவு சேர்ந்தவர்களும் அத்தொழிலாளர் சமுதாயத்தில் உண்டு. இத்தகைய ஊர்வலங்களைப் பற்றி மார்க்க அறிஞர்கள் கூறுவது வேறு. ஆனால் ஆட்சியாளர் சுட்டது மார்க்கத் தூய்மை கருதி அன்று. கூலிகள் ஒன்றுகூடித் தெருவில் நடப்பதே அவர்களுக்கு அச்சமாயிருந்தது.

இலண்டனில் விழா தெருவுக்கு வந்தது 1966இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் அப்பகுதியில் வாழ்ந்த பல நாட்டுக் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா நடத்தினார். அதில் ரஸ்ஸல் ஹெண்டர்சன் குழுவினர் எண்ணெய்ப் பீப்பாய்களால் ஆன எஃகு மேளத்தைக் கழுத்தில் மாட்டிக் கொண்டு தெருத் தெருவாக நடந்தனர். மக்கள் பின் தொடர்ந்தனர். 1976இல் ஏறத்தாழ மூவாயிரம் போலீசார் குவிக்கப்பட, விழா பெருங்கலவரத்தில் முடிந்தது. அன்று தொட்டு நாளேடுகள் பல ஆண்டுதோறும் கைதானோர் தொகையையே விழாச் செய்தியாக வெளியிடுகின்றன. நெரிசல் குறித்த அச்சம் நியாயமானதே, கத்திக்குத்துக்களும் நிகழ்ந்துள்ளன. அவற்றை மறைப்பது விழாவுக்குச் செய்யும் நன்மை அன்று.

இதற்கிடையில் நாட்டிங்ஹில்லே மாறிப் போயிற்று. ஒருகாலத்தில் ஏழைகள் ஒண்டிய வீடுகள் இன்று செல்வரன்றிப் பிறர் வாங்க இயலாதவை. கார்னிவல் வருகிறதென்றால் வாயிற்கதவுகளைப் பலகையடித்து மூடிவிட்டு வெளியூர் சென்றுவிடும் குடும்பங்கள் அங்குண்டு. அதே பெருநகர்ப் பிரிவின் வடபகுதியில், கார்னிவல் நடைபெறும் தெருக்களுக்கு அண்மையில், கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் 2017 ஜூன் 14 அன்று தீப்பற்றி எரிந்தது. மாண்டோர் 72 பேர். அவர்களுள் பலர் குடியேறிய குடும்பத்தினர். அது ரமலான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்தோர் அண்டை வீட்டாரைத் தட்டி எழுப்பியதாகச் செய்திகள் கூறின. அல் மனார் பள்ளிவாசல் சமயம் பாராமல் கதவுகளைத் திறந்து வைத்தது.

விண்ட்ரஷ் தலைமுறைக்கு நேர்ந்தது இதனினும் வேறு வகைத் துயரம். 1973க்கு முன் வந்து குடியேறியவர்களுக்கு அங்கு வாழும் உரிமை சட்டப்படி உண்டு. அதற்குரிய தாள் எதனையும் அரசு கொடுக்கவில்லை. 2010இல் அவர்கள் வந்திறங்கிய பதிவு அட்டைகளையும் உள்துறை அமைச்சகம் அழித்துவிட்டது. 2012 முதல், தாள் காட்டாதவர்க்கு வேலையும் வீடும் மருத்துவமும் கிடைக்காதவாறு விதிகள் இறுக்கப்பட்டன. பத்து வயதில் வந்து, பாராளுமன்றத்து உணவகத்தில் சமைத்துப் பரிமாறிய ஒரு பெண்மணியே அறுபது கடந்த வயதில் காவலில் வைக்கப்பட்டார். தவறாக நாடு கடத்தப்பெற்றோர் குறைந்தது 83 பேர் என அரசே ஒப்புக்கொண்டது. செய்தி வெடித்த 2018இல் உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். அந்த ஆண்டுகளிலும் ஆகஸ்ட் இறுதியில் கார்னிவல் மேளம் ஒலித்துக் கொண்டுதான் இருந்தது.

அரசு பின்னர் ஜூன் 22ஐ விண்ட்ரஷ் நாளாக அறிவித்தது. 2022இல் வாட்டர்லூ இரயில் நிலையத்தில் சிலையும் திறந்தது. நாளும் சிலையும் எளிதில் அமைந்துவிடுகின்றன. இழப்பீட்டுத் திட்டமோ 2019இல் தொடங்கியும் ஆமை நடை நடந்தது. தவறு செய்த அமைச்சகமே இழப்பீட்டை அளந்து கொடுக்கும் நிலையை மாற்றித் தனி அமைப்பிடம் ஒப்படைக்குமாறு 2021 நவம்பரில் பாராளுமன்றக் குழு பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. ஏற்றிருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. முதுமையில் விண்ணப்பித்துக் காத்திருந்தோருள் பலர், வரவேண்டிய தொகை கைக்கு வருமுன்னரே இறந்து போயினர்.