வெட்டாமலே வெட்டும் மீட்டர்!

பிரிட்டனைப் பாருங்கள், மின்சாரமும் காஸும் தனியார் கையில்தான், ஆனாலும் குளிர்காலத்தில் ஏழைக்குப் பாதுகாப்பு உண்டு என்று நமக்குப் பாடம் சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள். விதி இருப்பது உண்மை. அக்டோபர் முதல் மார்ச் முடிய, தனியே வாழும் பென்ஷன் வயதுக்காரர் பாக்கி வைத்தாலும் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

முதலாளிக்கு வழியா இல்லை? பாக்கி விழுந்த வீட்டில் முன்பண மீட்டரை மாட்டிவிடுகிறான். பணம் தீர்ந்தால் அது தானே அணையும். கம்பெனி ஆள் எவனும் கம்பியைத் தொடவில்லை. ஏட்டில் துண்டிப்பு என்ற பதிவும் இல்லை. அதிகார பாஷையில் இதற்குப் பெயர் 'சுய துண்டிப்பு'! பட்டினி கிடப்பவனை உபவாசி என்பது போல.

அணைந்து கிடக்கும் நாட்களுக்கும் தினசரி நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். கூலி கிடைத்து பத்து பவுன் போட்டால், மீட்டர் முதலில் அதைத்தான் விழுங்கும். பழைய கடனுக்கும் ஒரு பங்கு. மிச்சத்தில்தான் குழந்தைகள் குளிர்காய வேண்டும். 2022ல் பணம் போட முடியாமல் இப்படி நின்றுபோனவர்கள் 32 லட்சம் பேர் என்று 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பு மதிப்பிட்டது.

கதவைச் சாத்தினால்? மாஜிஸ்திரேட் வாரண்டுடன், பூட்டுத் திறப்பவனோடு வருவார்கள். 'பிரிட்டிஷ் காஸ்' கம்பெனியின் காண்டிராக்ட் ஆட்கள் வீடு புகுந்ததை 2023 பிப்ரவரியில் 'டைம்ஸ்' பத்திரிகையே (நம்முடையதல்ல, அவர்களுடையது!) அம்பலமாக்கியது. கட்டாய மீட்டர் நிறுத்தப்பட்டது. அதே மாதம் தாய்க் கம்பெனி சென்ட்ரிகா அறிவித்த 2022ம் வருஷ லாபம் 330 கோடி பவுன்! 2024 ஜனவரியில் சில கம்பெனிகளுக்கு மீண்டும் அனுமதி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள வீட்டுக்கு விலக்காம். மூன்று வயதுக் குழந்தைக்குக் குளிராதோ?

வேறு வழியில்லை என்பது பொய். தண்ணீர்க் கம்பெனிகளும் அங்கே இதே மீட்டரை மாட்டின. 1998ல் ஹைகோர்ட் அது சட்டவிரோதம் என்றது. 1999ம் வருஷச் சட்டம், பாக்கிக்காக வீட்டுத் தண்ணீரை வெட்டுவதையும், முன்பணக் கருவியையும், நீரைச் சொட்டுச் சொட்டாகக் குறைக்கும் கருவியையும் சேர்த்தே தடுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போகலாம். குழாயைத் தொட முடியாது. தண்ணீருக்கு முடிந்தது மின்சாரத்துக்கு ஏன் முடியாது?

பிரிட்டன் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். 25 கோடி பிரீபெய்ட் ஸ்மார்ட் மீட்டர்களை மாட்டுவது 2021ல் மோடி சர்க்கார் தொடங்கிய திட்டம். 2003ம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 56வது பிரிவு, 15 நாள் எழுத்து நோட்டீஸ் தந்த பிறகே பாக்கிக்காகத் துண்டிக்கலாம் என்கிறது. மீட்டர் நோட்டீஸ் தருமா? 2020ல் மத்திய சர்க்கார் போட்ட நுகர்வோர் 'உரிமை' விதிகளே பதில் சொல்கின்றன: பணம் தீர்ந்து மீட்டர் தானே நிறுத்தினால் அது துண்டிப்பாகக் கருதப்படாதாம்!

அந்த வாசகத்தை நீக்கு என்பதே நமது முதல் கோரிக்கை.