ஸ்தல புராணமா? சோதனைக் குழியா?

மானகிரிப் பக்கத்துத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார்: "பூமியைத் தோண்டி உடைந்த ஓட்டைப் பொறுக்குவதால் ஏழைக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்விதான், பதில் சொல்லுகிறோம்.

நம் நாட்டில் ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்பதற்குக் காட்டப்படும் ஆதாரமெல்லாம் "பழமை" என்பதேயாகும். அந்தப் பழமையோ ஏடெழுதினவன் இஷ்டப்படி எழுதியது. கற்குவியலைக் கண்டால் பாண்டவர் குழி என்பார்கள். காட்டில் தாழி அகப்பட்டால், சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உள்ளே வைத்து மூடினார்கள் என்பார்கள். கேட்டுத் தலையாட்டினோமேயொழிய, உள்ளே பார்த்தவர் எத்தனை பேர்?

நமது சிவகங்கை ஜில்லாவிலேயே, மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடித் தென்னந்தோப்பில் 2015-ல் மத்திய தொல்லியல் இலாகாவார் தோண்டத் துவங்கினார்கள். மேடு சுமார் 110 ஏக்கர். அத்தனையையும் ஒரேயடியாய்த் தோண்டுவதில்லை. சதுரம் சதுரமாக அளந்து, நடுவே வரப்புப்போல் மண்சுவர் விட்டு, படிவம் படிவமாக இறங்குகிறார்கள். மேலே கிடப்பது பிந்தியது. அடியில் கிடப்பது முந்தியது. இடையில் எவனாவது பள்ளம் பறித்துக் கலைத்திருந்தால் அதையும் அந்தச் சுவரே காட்டிக்கொடுத்துவிடும்.

2018-ல் தமிழ்நாட்டு இலாகாவார் தோண்டியபோது எடுத்த கரிமப் பொருள்கள் அமெரிக்கப் பரிசோதனைச் சாலைக்குப் போயின. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 580 என்று முடிவு வந்தது. சோதித்தவருக்கு நம் ஜாதியும் தெரியாது, சாமியும் தெரியாது. அந்த வருஷத்துக் குழிகளில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. அவை அரசன் வெட்டிய சாசனமல்ல; புழங்கு பானையில் ஆதன், குவிரன் என்று கீறிய பேர்கள். எழுத்து அரண்மனைக்கும் அக்கிரகாரத்துக்கும் மட்டுமே சொந்தம் என்பவர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்? ஏழைக்கு இதுதான் லாபம்.

நிற்க. நம்மவருக்கும் ஒரு வார்த்தை. கீழடியில் கோவில் அகப்படவில்லை என்றதும், அக்காலத்தில் சாமியே இல்லையென்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். தோண்டியது மேட்டில் ஒரு சிறு பாகந்தானே! அகப்படாததை வைத்து முடிவு கட்டுவது நாமே எழுதும் புதிய புராணமாகும். ஆதாரம் என்றால் அது நம்மையுங்கூடக் கட்டுப்படுத்த வேண்டும்.

அதே நியாயத்தை சர்க்காரிடமும் கேட்கிறோம். முதலில் தோண்டிய அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 2017-ல் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை, காலக்கணிப்பு முதலியவற்றைத் திருத்தும்படி 2025 மே மாதத்தில் மத்திய இலாகா திருப்பியனுப்பிற்று. தப்பிருந்தால் திருத்த வேண்டியதுதான். ஆனால் அறிக்கையையும் மறுப்பையும் பக்கத்தில் பக்கம் அச்சிட்டால், படிப்பவன் தன் புத்தியால் தீர்த்துக்கொள்ள மாட்டானா? இரண்டு வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்திருப்பது எந்த ஆராய்ச்சியில் சேர்ந்தது?

தோழர்களே! கிணறு வெட்டும்போது பழைய ஓடோ, தாழியோ தட்டுப்பட்டால் உடைத்தெறியாதீர்கள். மஞ்சள் குங்குமம் பூசிச் சாமியாக்கியும் விடாதீர்கள். எத்தனை அடியில் கிடந்தது என்று குறித்துக்கொண்டு, வேலையை நிறுத்தி, அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். அந்த ஒரு ஓடு, நூறு புராணம் சொல்லாத சங்கதியைச் சொல்லக்கூடும்.