சாப்பல் ஹில் முற்றத்தில் நின்ற சிப்பாய்

அமெரிக்காவின் சாப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் முற்றத்தில், கையில் துப்பாக்கியுடன் ஒரு வெண்கலச் சிப்பாய் நூறாண்டுக்கு மேல் நின்றிருந்தான். ‘சைலன்ட் சாம்’ என்பது அவனுக்கு வழங்கிய பெயர். 2018 ஆகஸ்ட் 20 இரவில் போராட்டக்காரர்கள் கயிறு கட்டி அச்சிலையைச் சாய்த்தனர். ‘வரலாற்றை அழிக்கிறார்கள்’ என்னும் கூக்குரல் உடனே எழுந்தது. நம்மவரிலும் சிலர் அதையே சொல்கின்றனர். வேறு சிலரோ, ‘சிலைக்கே இடமில்லாத மார்க்கம் நம்முடையது, எவர் சிலை நின்றால், விழுந்தால் நமக்கென்ன?’ என்று ஒதுங்குகின்றனர். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை.

வரலாறு என்போரிடம் கேட்கிறேன்: எந்த வரலாறு? அடிமை முறையைக் காக்கத் தென்மாநிலங்கள் நடத்திய போர் 1865-இல் தோல்வியில் முடிந்தது. சிலை திறக்கப்பட்டதோ 1913 ஜூன் 2 அன்று. இறந்தோருக்காக அழுவதற்கு 48 ஆண்டுகள் காத்திருந்தார்களா? இடையில், 1900-இல், அம்மாநிலம் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எழுத்தறிவுத் தேர்வு என்னும் சூழ்ச்சியால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்திருந்தது. அந்த வெற்றிக் களிப்பின் நிழலில் எழுந்த சிலை அது.

ஐயமிருப்போர் திறப்பு விழா உரையைப் படிக்கட்டும். பேசியவர் ஜூலியன் கார். பெருந்தொழிலதிபர், தோற்ற படையின் முன்னாள் வீரர். போர் முடிந்து ஊர் திரும்பிய பின், அவ்விடத்திலிருந்து நூறு கஜத் தொலைவுக்குள், ஒரு கறுப்பினப் பெண்ணை அவள் ஆடை கிழிந்து தொங்கும்வரை குதிரைச் சவுக்கால் அடித்ததாக அம்மேடையில் அவர் பெருமையடித்துக் கொண்டார். அப்பெண்ணின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை. பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கிடந்த அவ்வுரையை, ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவர் வெளிக்கொணர்ந்தார். அதுவரை அச்சிலையைக் கடந்து வகுப்புக்குச் சென்ற எத்தனையோ தலைமுறைகளுக்கு அது கற்பித்த வரலாறுதான் என்ன?

இரவில் கூட்டமாகக் கூடிக் கயிறு கட்டுவதை நான் போற்றவில்லை. ஆனால் இத்தகைய நினைவுச் சின்னங்களை அகற்றுவதற்கு 2015-இல் சட்டத்தால் தடை போட்டவர்கள், பின்னர் ஒழுங்கைப் பற்றி உபதேசிப்பது விந்தை. அதைவிட விந்தை, 2019-இல் பல்கலைக்கழக நிர்வாகம் செய்த உடன்படிக்கை: சிலையையும் அதன் பராமரிப்புக்கென 25 லட்சம் டாலரையும், அத்தோற்ற படையினரின் வழித்தோன்றல்கள் சங்கத்துக்கே அளிப்பதாம்! மறு ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

இனி, ‘நமக்கென்ன’ என்னும் சகோதரர்களுக்கு. உமர் இப்னு ஸயீத் என்னும் பெயரைக் கேள்விப்பட்டதுண்டா? இன்றைய செனகல் பகுதியில் பல்லாண்டு மார்க்கக் கல்வி பயின்ற அறிஞர். 1807-இல் சிறைப்பிடிக்கப்பட்டு, கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டார். தப்பியோடி, இதே வட கரோலினாவில் பிடிபட்டு, ஓவன் குடும்பத்தின் உடைமையானார். விடுதலை காணாமலே இறந்தார். 1831-இல் அரபியில் அவர் எழுதிய தன்வரலாறு சூரத்துல் முல்க்கைக் கொண்டே தொடங்குகிறது. முதிய வயதில், 1857-இல் எழுதிய ஒரு தாள், சாப்பல் ஹில் பல்கலைக்கழக நூலகத்தின் வட கரோலினாச் சேகரிப்பில் உள்ளது. அதில் இருப்பது சூரத்துந் நஸ்ர். அதன் மீது அக்காலத்தார் எழுதி வைத்த குறிப்போ, அதைக் கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபம் என்கிறது!

அடித்தவர்களின் பக்கம் நின்றவனுக்கு முற்றத்தில் பீடம். அடிமைப்பட்ட ஆலிமின் எழுத்துக்குப் பொய்க்குறிப்பு. அடிமைகளின் உழைப்பும் சேர்ந்து எழுப்பிய வளாகத்தில் நடந்தது இது. சிலையின் உருவம் ஆகுமானதா என்ற ஃபிக்ஹ் கேள்வியோடு இது முடிவதில்லை. எவனுக்குக் கண்ணியம் வழங்கப்படுகிறது என்பதே இங்குள்ள வழக்கு. நிறத்தால் மேன்மை இல்லை என்று ஹஜ்ஜத்துல் விதாவில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த உம்மத்து, அவ்வழக்கில் பார்வையாளராக அமர முடியாது.

2019 ஜனவரியில் பீடமும் அகற்றப்பட்டது. அங்கே படிக்கச் செல்லும் நம் பிள்ளைகள், அந்த வெற்றிடத்தைப் பார்த்த கையோடு நூலகத்துக்கும் சென்று, உமர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.