சாவித்துவாரம் எவருக்குத் திறக்கும்?

இரைப்பையிலே கட்டி என்று வைத்தியர் கூறியதும் கல்முனைக் கரையோரத்து ஏழைக் குடும்பம் கேட்கும் முதற் கேள்வி நோயைப் பற்றியதன்று. ‘கொழும்புக்குப் போய்வர எவ்வளவு செலவாகும்?’ என்பதே அது. மருதமுனை நெசவாளியும், நிந்தவூர் வயற்காரரும், பாண்டிருப்பு மீனவரும் இக்கேள்வியிலே ஒன்றுபட்டு நிற்கின்றனர். மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது.

இப்பொழுது இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. வயிற்றைப் பிளவாது, சிறு துளைகளின் வழியே கமராவையும் கருவிகளையும் செலுத்திக் கட்டியை அகற்றும் சாவித்துவாரச் சத்திரசிகிச்சை பாதுகாப்பானதா? ‘அது ஆபத்து; பணக்காரரின் ஆடம்பரம்’ என்பர் ஒரு சாரார். ‘அதுவே சர்வரோக நிவாரணி’ என்பர் மறு சாரார். இரு சாராரும் சாட்சியத்தைப் பாராமலே தீர்ப்பு வழங்குகின்றனர் என்பது நமது குற்றச்சாட்டு.

சாட்சியம் யாது? இரைப்பைப் புற்றுநோய்க்கு இம்முறை யப்பானில் 1991ஆம் ஆண்டு கையாளப்பட்டது. கொரியாவின் 13 வைத்தியசாலைகளில் ஆரம்பநிலை நோயாளர் 1,416 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் சாவித்துவாரப் பிரிவில் 94.2 வீதம், வயிற்றைத் திறந்த பிரிவில் 93.3 வீதம். நோய் ஆழ ஊடுருவிய 1,056 பேரைக் கொண்டு சீனாவில் நடந்த ஆய்வும், மூன்றாண்டு முடிவில் இம்முறை தாழ்ந்ததன்று என்று அதே ஆண்டு அறிவித்தது. ‘ஆபத்து’ என்னும் வழக்கு இத்துடன் தள்ளுபடியாகின்றது.

ஆயினும் சாட்சியத்தை முழுமையாக வாசித்தல் வேண்டும். கொரிய ஆய்விலே கத்தி பிடித்தவர் ஒவ்வொருவரும் அதற்கு முன்னரே இத்தகைய சிகிச்சைகள் 50க்குக் குறையாது செய்து தேர்ந்தவர். இரைப்பையைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்களை முறைப்படி நீக்குவதும், எஞ்சிய இரைப்பையைக் குடலோடு கசிவின்றி இணைப்பதும் பழகிய கைக்கே கைவருவன. நோய் அயல் உறுப்பைப் பற்றியிருந்தால், குருதிப்பெருக்கு அடங்காவிட்டால், தயங்காது வயிற்றைத் திறப்பதே வைத்திய தர்மம், அது தோல்வியன்று. பாதுகாப்பு கருவியில் இல்லை, அதைப் பிடிக்கும் கையிலே இருக்கின்றது.

ஆகவே, கமரா ஒன்றை வாங்கி, நாடா வெட்டி, படம் பிடித்துச் செல்லும் அரசியலை நாம் ஏற்கோம். பயிற்சி பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர், மயக்கமருந்து நிபுணர், நோயியல் நிபுணர், தீவிர சிகிச்சைக் கட்டில் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் அக்கருவி ஆபத்தே.

கல்முனையிலே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரில் உள்ளன. ஒன்று முஸ்லிம்களுக்கு, மற்றது தமிழருக்கு என்று பிரித்துப் பேசுவோரை நாம் கேட்கின்றோம்: கட்டிக்கு இனம் உண்டா? இருக்கும் சில நோயாளரை இரு கூறாகப் பங்கிட்டால் இரு இடத்துக் கைகளும் பழகா. நட்டம் இரு சமூகத்துக்குமே.

நமது கோரிக்கை மூன்று. இரு வைத்தியசாலைகளுக்கும் பொதுவாக, இடமாற்றத்தால் கலையாத, தேர்ந்த குழு ஒன்று அமைக்கப்படல் வேண்டும். சோறு இறங்காமை, காரணமற்ற மெலிவு, கரிய மலம் என்று வருவோருக்கு அகநோக்கிக் குழாய்ப் பரிசோதனை மாதக்கணக்கிற் காத்திராது கிடைத்தல் வேண்டும். எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தனர் என்னும் கணக்கு ஆண்டுதோறும் மக்கள்முன் வைக்கப்படல் வேண்டும்.

விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ‘வாய்வுதானே, அறுவடை முடியட்டும்’ என்று மாத்திரை விழுங்கி நாட்கடத்தாதீர்கள். கதிர் முற்றினால் அறுவடை. கட்டி முற்றினால் எந்தக் கத்திக்கும் வேலை இராது. கற்றோரே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! உங்களுக்குக் கொழும்பிலே கதவு திறக்கும். அந்தக் கதவு கல்முனையிலே ஏழைக்கும் திறக்கும்வரை வாய்மூடி இருப்பது உங்களுக்கு அழகன்று.