கட்டடத்துக்கு யார் பாலிசி எடுப்பது?

திருவான்மியூரில் வால்மீகி நகர்ப் பக்கம் உள்ள பழைய அடுக்ககம் ஒன்றில் போய்க் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கடன் கொடுத்த வங்கி கேட்டதற்காகச் சிலர் தங்கள் வீட்டுக்கு எடுத்திருப்பார்கள். கட்டடத்துக்கு உண்டா என்று கேட்டால் சங்கச் செயலாளர் நம் முகத்தைப் பார்ப்பார். அந்தக் கேள்வியை நாமும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை என்பதே உண்மை.

இங்கிலாந்தில் குத்தகை உரிமை ஃபிளாட்டுகளின் தகராறே வேறு. அங்கே பெரும்பாலும் மனைக்காரர் முழுக் கட்டடத்துக்கும் பாலிசி எடுத்து, பிரீமியத்தைக் குடியிருப்பவர்களிடம் வசூலிப்பார். அதில் கமிஷன் மறைந்திருக்கிறது என்று எழுந்த புகார், 2023 இறுதியில் புது விதிகள் வரும் அளவுக்குப் போனது. நம் ஊரில் எல்லோரிடமும் நிலத்தின் பிரிபடாத பாகம் இருக்கிறது. கட்டடம் முழுவதற்கும் பொறுப்பாளி இல்லை.

27 டிசம்பர் 2021 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளோடு சரிந்தது. விரிசல் கண்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அங்கே மேற்கொண்டு முடிவெடுக்க வாரியம் என்ற ஒரு கை இருந்தது. தனியார் அடுக்ககத்தில் அதே நடந்தால்? இரண்டாம் மாடிக்காரர் கையில் கிளெய்ம் பணம் இருக்கும். கீழ்வீட்டுக்காரரிடம் பாலிசியே இருக்காது. முதல் மாடி எழும்பாமல் இரண்டாம் மாடியை எங்கே கட்டுவது?

தொகை எழுதுவதிலும் கோளாறு. பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுத் திட்டம் 1 ஏப்ரல் 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகை என்பது கார்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவால் பெருக்கி வருவது. மனை விலைக்கு அதில் இடமில்லை. 900 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 2,500 ரூபாய் என்று வைத்தால் 22.5 லட்சம். அதே வீட்டுக்குக் கிரயப் பத்திர விலையை எழுதிக் கொடுக்கும் முகவர், எரியவே முடியாத மண்ணுக்குப் பிரீமியம் வாங்குகிறார். மறுபுறம், கார்பெட் ஏரியாவோடு நிறுத்திவிட்டால் படிக்கட்டு, லிஃப்ட், மேல்நிலைத் தொட்டி, சுற்றுச்சுவர் எல்லாம் வெளியே நிற்கும். வீட்டுக்காரர்கள் எல்லோரும் தனித்தனியாக எடுத்தாலும் அவற்றைக் கூட்டினால் கட்டடம் வராது. சங்கத்தின் பெயரில் ஒரே பாலிசி, பொதுப் பகுதிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்து, பிரீமியத்தைப் பராமரிப்புக் கட்டணத்தில் பங்கிட்டு எடுப்பதுதான் ஒழுங்கான வழி. 6 மார்ச் 2024 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தால் சங்கங்கள் பதிவுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கூட்டங்களிலேயே இதையும் தீர்மானமாகப் போடச் சொல்லலாம்.

கடலோரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தத் திட்டத்தில் நிலம் அமிழ்வதற்குப் பாதுகாப்பு உண்டு. கடல் அரிப்பால் வந்தால் கிடையாது. மட்டமான கட்டுமானத்தால் வந்தாலும் கிடையாது. தேய்மானத்துக்கும் பாலிசி பொறுப்பேற்காது. உப்புக்காற்றில் கம்பி துருவேறிக் கான்கிரீட் உதிரும் பால்கனியைப் பார்த்த சர்வேயர் எந்தப் பக்கம் எழுதுவார் என்று நமக்குத் தெரியும். புயலில் அது விழுந்தாலும் வாதம் நீளும். ஆகவே பாலிசி கொடுக்கும் முன்பே கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையும் படங்களும் கோப்பில் ஏறட்டும். செயலாளர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

கடன் உள்ள வீடுகளின் வங்கிப் பெயர்களைச் சங்க பாலிசியில் மறக்காமல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கி பழைய தனி பாலிசியையே கேட்கும். ஒரே சுவருக்கு இரண்டு பிரீமியம் போகும். உறுப்பினர்கள் தங்கள் பங்குக்கு வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு அதே திட்டத்தில் வழி இருக்கிறது.