சபைக்குள் ஒருவரையொருவர் அறிதலும் விசாரித்தலும்: நிலைப்பாட்டு அறிக்கை

உள்ளூர்ச் சபையில் விசுவாசிகளை விசாரிக்கும் பொறுப்பு ஆயருடையது மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தப் பொறுப்பு சபையார் எல்லோருக்கும் உரியது என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு. அதற்கு முதல் தேவை அறிமுகம். யார் வீடு எங்கே, யார் எந்த வேலைக்குப் போகிறார், எந்த வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடக்கிறார் என்று தெரியாத சபை எவ்வளவு உருக்கமாக ஜெபித்தாலும், உதவி போய்ச் சேரவேண்டிய வாசலைக் கண்டுபிடிக்காது. அந்த அறிமுகம் எப்படி உண்டாக வேண்டும், எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்ற இரண்டையும் கோபிசெட்டிபாளையம் வட்டாரச் சபைகளை முன்வைத்து இவ்வறிக்கை கூறுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்துச் சம்பவம் இதற்கு அடிப்படை. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள். வேண்டுமென்றே தள்ளினார்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை. பரிமாறியவர்களுக்கு அவர்களைத் தெரியாமலும் போயிருக்கலாம். தீர்வாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் வீடுகளை அறிந்தவர்களிடமே பொறுப்பு போயிற்று என்று கொள்ள இடமுண்டு. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் இன்னொரு சான்று. அதுவரை ரோமாபுரியை மிதித்திராத பவுல், அங்குள்ள இருபதுக்கு மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார்; சிலருடைய பாடுகளையும் குறிப்பிடுகிறார். வேதபாடமாக வரும்போது பலர் அவசரமாகக் கடந்துபோகும் அந்தப் பட்டியல், சபைப் பதிவேட்டுக்கு நல்ல முன்மாதிரி.

கொங்குப் பகுதியில் கிறிஸ்தவம் பழையது, ஆனால் சிறியது. சத்தியமங்கலம் பக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள். கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் பணி 1830இல் தொடங்கியது. ஈரோட்டில் அந்த மிஷனின் ஊழியரான பிரப் பெயரில் இன்றும் ஒரு தேவாலயம் நிற்கிறது. அந்தச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகவும், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபையாகவும் இணைந்தன. கோபி, சத்தியமங்கலம் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகள் 1955இல் உருவான உதகை மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. பெந்தெகொஸ்தே சபைகளும் தனித்து இயங்கும் ஜெப வீடுகளும் பிற்பாடு வந்தவை.

எண்ணிக்கை குறைவாக இருப்பதால் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கக்கூடும். நடைமுறை வேறு. நகரச் சபை ஒன்றின் ஞாயிறு ஆராதனையில், சுற்றுக் கிராமங்களில் தலைமுறைகளாக இருப்பவர்கள் ஒரு பக்கம்; திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து கடைவைக்கவோ பள்ளி, வங்கி வேலைக்கோ வந்தவர்கள் இன்னொரு பக்கம். விடிவதற்குள் பனியன் கம்பெனி வேனில் திருப்பூருக்கோ, ஷிப்டுக்குப் பெருந்துறை சிப்காட்டுக்கோ போகிற இளைஞர்கள் மாதத்தில் பாதி ஞாயிறு வருவதில்லை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் விட்டு நடவு தொடங்கினால் கூலிவேலைக்குப் போகும் பெண்களும் குறைந்துவிடுவார்கள். மற்றவர்கள் ஆசீர்வாதம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பக்கத்திலிருப்பவர் வீட்டை அறியாதிருப்பது இப்படித்தான் சாத்தியமாகிறது.

இந்த நிலைக்கு ஞாயிறு ஆராதனை மருந்தாகாது. வீடுதேடிப் போகிற ஒரு முறை வேண்டும். இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜான் வெஸ்லியின் கூட்டத்தார் தங்கள் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஒருவர் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர் வாராவாரம் வீடுவீடாகப் போய் ஒரு பென்னி வாங்கலாம் என்றார். கொடுக்க முடியாதவருக்காகத் தானே போட்டுவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். காசு வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தைக் கண்டு வந்து சொன்னார்கள். கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தின் விசாரிப்பு முறையாகவே மாறிவிட்டது. கரூர், தாராபுரம் பக்கம் பணிசெய்த வெஸ்லியன் மிஷன் இந்த மரபில் வந்தது. இங்கும் சந்தா வாங்க ஆள் வீட்டுக்கு வந்த காலம் இருந்தது. இப்போது சந்தா கவரிலும் ஜிபேயிலும் சேர்ந்துவிடுகிறது. கணக்கு சுத்தமாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வர ஆளில்லை.

ஆகவே ஒவ்வொரு சபையும் தன் பதிவேட்டைத் தெருவாரியாகவும் கிராமவாரியாகவும் பிரித்து, பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியங்கள் ஏறக்குறைய இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன. மற்றச் சபைகள் அதைப் பார்த்துக் கற்பதில் குறைவொன்றும் இல்லை. பொறுப்பாளர் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும்.

பிரிப்பது தெருவை வைத்தே நடக்க வேண்டும். சொந்தபந்தத்தை வைத்து நடக்கக்கூடாது. இதில் இவ்வறிக்கை விட்டுக்கொடுப்பதற்கில்லை. லண்டன் மிஷன் காலத்தில் ஈரோட்டு வட்டாரத்தில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற உழைப்பாளிகள். இன்றைய நகரச் சபைகளில் பல சாதியார் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறார்கள். வீட்டு ஜெபக்கூட்டமோ பெரும்பாலும் உறவுமுறை வீடுகளுக்குள் சுற்றிவருகிறது. யார் வீட்டில் கூட்டம் வைப்பது, அங்கே யார் காபி குடிப்பது என்பதில் சாதி நுழைந்தால், விசாரிப்பும் அந்த எல்லையோடு நின்றுபோகும். கூட்டம் எல்லா வீட்டுக்கும் முறைவைத்துப் போக வேண்டும். ஓட்டு வீடு, ஒற்றை அறை வாடகை வீடு என்று எதையும் தவிர்க்கக்கூடாது.

பதிவேட்டில் ஒரு சிக்கல் உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. பிள்ளைகளின் சாதிச் சான்றிதழையும் வேலையையும் நினைத்து, ஞானஸ்நானம் பெறாமலோ பெயர் பதியாமலோ வருகிறவர்கள் உண்டு. இந்தப் பாகுபாடு நீங்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அது நிறைவேறும்வரை, பெயர் பதியாதவர் என்பதற்காக ஒருவரை விசாரிப்புக்கு வெளியே நிறுத்துவது தகாது. அவர் மனம் இல்லாமல் அவர் பெயரைப் பகிரங்கப்படுத்துவதும் தகாது. விசாரிப்புப் பட்டியல் உறுப்பினர் பதிவேட்டைவிட நீளமாக இருப்பதே முறை.

வீடுகளில் வெளியே சொல்லப்படாமல் கிடப்பவற்றில் முதலாவது கடன். மகளிர் குழுக் கடன், வாரத் தவணை, ஏலச் சீட்டு, நகை அடமானம், தனியார் வட்டி என்று ஒரே குடும்பத்தில் நாலைந்து ஓடும். அதீத வட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருந்தும் மக்கள் அதை நாடுவது அரிது. சபையார் சபையாருக்கு வட்டிக்குக் கொடுப்பதை இவ்வறிக்கை ஏற்பதில்லை. கடன்பட்டவர் கொடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூசி, முதலில் விட்டுவிடுவது கோயிலைத்தான். சபையின் ஏழை நிதி ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்குத் திருப்பிக் கேட்காத உதவியாகப் போக வேண்டும். வாங்கியவர் பெயர் ஆண்டறிக்கையில் வரக்கூடாது.

இனி எல்லைகள். அறிவது வேறு, துருவுவது வேறு. சபைகளில் வம்பு பெரும்பாலும் ஜெப விண்ணப்பமாகவே புறப்படுகிறது: இன்னார் மகளுக்காக ஜெபியுங்கள் என்ற ஒரு வரி போதும், ஊர் மிச்சத்தை எழுதிக்கொள்ளும். சம்பந்தப்பட்டவர் கேட்காமல் எவர் நோயும் குடும்பச் சண்டையும் கூட்டத்திலோ சபையின் வாட்ஸ்அப் குழுவிலோ சொல்லப்படலாகாது. வீட்டுச் சந்திப்புக்கு இருவராகப் போக வேண்டும். பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் போகக்கூடாது. ஆனால் குழந்தைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரியவந்தால் ரகசியம் காப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்பது குற்றத்துக்குத் துணைபோவதாகும்.

ஊர் விட்டுப் போகிறவர்களும் ஊருக்கு வருகிறவர்களும் எளிதில் விடுபடுகிறார்கள். பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகிற பிள்ளைக்கு மாறுதல் கடிதம் கொடுத்ததோடு தாய்ச் சபையின் வேலை முடிந்துவிடாது; அங்குள்ள ஆயருக்கோ ஒரு குடும்பத்துக்கோ ஒரு போன் செய்து சேர்த்துவிட வேண்டும். ஊரில் தனியாக நிற்கும் பெற்றோரை மருந்து வாங்கவும் பென்ஷன் எடுக்கவும் அழைத்துப்போவது தெருப் பொறுப்பாளர் வேலையில் சேர்ந்தது. ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து கொங்குப் பகுதி ஆலைகளுக்கு வருகிற தொழிலாளர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. தமிழ் ஆராதனை அவர்களுக்குப் புரியாது. இந்தி தெரிந்த ஒருவர் அவர்கள் தங்கும் அறைக்குப் போய்ப் பெயரும் ஊரும் கேட்டு, ஆபத்துக்கு அழைக்க ஒரு போன் நம்பர் கொடுத்து வருவதிலிருந்து தொடங்கலாம்.